கற்றல் மேலாண்மைத் தளமும் மலைக் கல்லூரி ஆசிரியர்களும்: ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் அகத்தர உறுதிக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பாடக்குறிப்பு, தேர்வு, மதிப்பெண் ஆகியவற்றை இணையத்தில் கையாள உதவும் மூடில் (Moodle) என்ற கற்றல் மேலாண்மைத் தளத்தைப் போதிய அளவு பயன்படுத்தாத ஆசிரியர்களை 'மாற்றத்தை விரும்பாதவர்கள்' என்று ஆய்வுக் கூட்டங்களில் குறிப்பிடும் வழக்கம் பெருகிவருவதால், அவர்களின் தரப்பைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன்.

புதிய கணினி அமைப்பொன்றைப் பணியாளர்கள் ஏற்பது ஏன் என்று ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ், அது தம் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணமும் கையாள எளிது என்ற எண்ணமுமே அதற்கு அடிப்படை என 1989-இல் எழுதினார். வெங்கடேஷும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் இதை விரித்தபோது, நிறுவனம் செய்துதரும் வசதிகளையும் கணக்கில் சேர்த்தார்கள். நாம் நடத்தும் பயிற்சி முகாம்களோ எளிமையோடு நின்றுவிடுகின்றன. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது அரை நாளில் பிடிபட்டுவிடும், பயன்தான் பிடிபடவில்லை. தளத்தில் ஏற்றிய வருகையையும் அகமதிப்பீட்டு மதிப்பெண்களையும் மறுபடி பதிவேட்டில் கையால் எழுதி, அச்செடுத்துக் கோப்பிலும் வைக்கச் சொன்னால், ஒரே வேலை மூன்றாகிறது. (உள்நுழைந்த எண்ணிக்கையைப் பார்ப்பவர்களுக்கு, பழைய குறிப்பையே ஆண்டுதோறும் ஏற்றுபவர் முன்மாதிரி ஆசிரியராகத் தெரிவார்.)

வசதி என்றால் இங்கே முதலில் மழையைப் பேச வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நின்றால், மஞ்சூர், பந்தலூர்ப் பகுதி மாணவர்களுக்கு செல்போன் சிக்னலும் நின்றுவிடுகிறது. மூடில் செயலியில் இதற்கு வழி இருக்கிறது: ஆசிரியர் அனுமதித்திருந்தால், மாணவர் சிறுதேர்வை முன்னதாகவே இறக்கி, இணையமின்றி எழுதி, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பலாம். ஆனால் கால வரம்பு வைத்த தேர்வை அவ்வாறு எழுத இயலாது. அரை மணி நேர வரம்பு கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தபின் அந்த வழியும் அடைபட்டது.

கால வரம்பு இல்லையென்றால் மாணவர்கள் புத்தகம் பார்த்து எழுதிவிடுவார்களே என்ற தங்கள் அச்சம் நியாயமானதே. பார்த்தாலும் யோசித்தே விடை காண வேண்டிய வினாக்களை ஆசிரியர்களால் அமைக்க முடியும். அதற்கு வேண்டிய நேரத்தை இப்போது பதிவேடுகள் தின்றுகொண்டிருக்கின்றன. ஆகவே, சிறுதேர்வுக்குக் கால வரம்பு வேண்டுமா என்பதை அந்தந்தப் பாட ஆசிரியரிடமே விட்டுவிடவும், தளத்தில் உள்ள விவரங்களுக்கான காகிதப் பதிவேடுகளில் எவற்றைக் கைவிடலாம் என்ற பட்டியலை வரும் கல்வியாண்டு தொடங்குமுன் துறைத்தலைவர்களுக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உதவிப் பேராசிரியர்,
உதகமண்டலம்.