ஓகாவின் தம்பியிடம் நீதான் பேச வேண்டும்

ஸ்டாக்போர்ட்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் குரல்பதிவுகள் அனைத்தும் வந்து சேர்ந்தன. அம்மாவின் முட்டி அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. லாகோஸ் இலுப்பேஜு வீட்டுக்கு வாங்கிய புதிய ஜெனரேட்டரைப் பற்றி நீ பாடிய பரணியையும் பொறுமையாகக் கேட்டேன். இங்கே அனைவரும் நலம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மழைதான் நிற்கவில்லை. சொல்ல வேண்டிய செய்தி குரல்பதிவில் அடங்காது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் படி, வழக்கம்போல் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை மட்டும் அனுப்பி வைக்காதே.

செய்தி நம் ஓகாவின், தொழிற்சாலையில் நமக்கு மேலதிகாரியாக இருந்த அந்தக் கணக்கரின், குடும்பத்தைப் பற்றியது. அவருடைய தம்பி அபேகுடாவில் உள்ள நிலத்தை விற்று, லாகோஸில் யாரோ ஒரு முகவரிடம் 12 மில்லியன் நைரா கொடுத்து, இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு, விசாவுக்காக முதலாளி தர வேண்டிய ஸ்பான்சர் சான்று வாங்கப் போகிறானாம். மாத இறுதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று முகவர் அவசரப்படுத்துகிறார். ஓகா தொலைபேசியில் தடுத்துப் பார்த்தார். "நீ ஏறிவிட்டாய், இப்போது ஏணியை எடுத்துக்கொள்கிறாய்" என்று தம்பி சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். நீ அந்த ஊரில் இருப்பவன், அவனுக்கு முதல் வேலையை வாங்கிக் கொடுத்தவன். உன் வார்த்தை அவனிடம் எடுபடும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடு. 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாக வேலைக்கு எடுக்கும் வழியே மூடப்பட்டுவிட்டது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் மாறலாம், அதுவும் 2028 ஜூலை வரைதான். ஆகவே அந்த முகவர் விற்பது இல்லாத பொருள். வழி திறந்திருந்த காலத்திலும் அது விலைக்கு விற்கப்படும் பொருளன்று: சான்றுக்கான கட்டணத்தை அரசுக்குச் செலுத்துபவர் முதலாளி, 2025 ஏப்ரலில் அது 525 பவுண்டாக இருந்தது, அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று 2024 இறுதியிலேயே விதி வந்துவிட்டது. மில்லியன்கள் எங்கே போகின்றன என்பதை அவனே கணக்குப் போடட்டும்.

ஆனால் சட்டத்தைக் கேட்டுத் திருந்துகிற வயதில் அவன் இல்லை. முகவருக்கு 'வேறு வழி' தெரியும் என்பான். எனவே அவன் அண்ணனின் வீட்டில் நடந்ததைச் சொல். அதில் பெரும்பகுதி அவனுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. ஓகா ஊருக்கு அனுப்பும் படங்களில் பனியும் பிள்ளைகளின் சீருடையும் மட்டுமே இருக்கின்றன. தாம் இரவு பத்து மணிக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போவதை அவர் இன்றுவரை தம் தாயிடம் சொல்லவில்லை. தொழிற்சாலையின் ஆண்டுக் கணக்கில் ஒரு கோபோ காசு பிசகினாலும் நம் இருவரையும் தூங்கவிடாத மனிதர் அவர். இங்கே கணக்கர் வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் 'பிரிட்டிஷ் அனுபவம் உண்டா' என்ற ஒரே கேள்வியோடு முடிந்துவிட்டது.

அவர்கள் 2023 தொடக்கத்தில் கிளம்பினார்கள். ஓகாவின் மனைவியான மேடத்தின் பெயரில்தான் பராமரிப்பு வேலை விசா. ஓகாவும் பிள்ளைகளும் அதைச் சார்ந்து வந்தவர்கள். வங்கிக் கிளையில் பதினோரு பேரை மேய்த்த மேடம், முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை ஆங்கிலத்திலேயே படித்தவர், ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்கத் தேர்வு எழுதினார். ஏனெனில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருந்தும், தேர்வு தேவையில்லை என்று பிரிட்டன் வைத்துள்ள நாடுகளின் பட்டியலில் நைஜீரியா இல்லை. அடுத்துக் காசநோய்ப் பரிசோதனை, அடுத்துக் காவல்துறைச் சான்று. பயணச் செலவுக்கு அந்தக் கொரோலாவை விற்றார்கள். ஆம், உன்னைத் தேர்ட் மெயின்லேண்ட் பாலத்தின் நடுவில் இறக்கிவிட்ட அதே டோகுன்போ, வெளிநாட்டில் ஓடிப் பழசாகி வந்த வண்டிதான். வாங்கிய புண்ணியவானை நினைத்து நாம் வருந்தலாம்.

வந்து சேர்ந்தபின் ராச்டேலில் வீடு தேடினார்கள். வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் இங்கே சம்பளமும் கடன் வரலாறும் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாக வை என்றார்கள். நைஜீரியாவில் இரு வருட வாடகையை ஒரே தவணையில் கட்டிப் பழகியவர்களுக்கு அது புதிதன்று. பணம் நைராவில் இருந்ததுதான் சிக்கல். ஊர் வங்கி அட்டை வெளிநாட்டில் செல்லவில்லை. 2022 இறுதியிலிருந்தே பல வங்கிகள் அந்த வசதியை நிறுத்தியிருந்தன. இங்கே வங்கிக் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரி கிடைக்க வீடு வேண்டும். வீட்டுக்குப் பணம் கட்ட வங்கிக் கணக்கு வேண்டும். ரிடீம்டு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு மூத்த தம்பதி தங்கள் மாடி அறையை விட்டுக்கொடுத்து, மெத்தையும் குளிர் அங்கிகளும் தந்து, கடைசியில் பிணையும் நின்றார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்தச் சுற்று எப்படி அறுந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. நிறுவனமே வீடு பார்த்துக் கொடுத்து, சாவியைக் கையில் வைத்த என் வருகையோடு இதை ஒப்பிட்டால் வாய் திறக்க முடியாது.

இதற்கிடையில் அந்த ஆண்டு ஜூன் மாதம் நைராவை மிதக்க விட்டார்கள். டாலருக்கு 460 சுற்றில் இருந்த அதிகாரப்பூர்வ விலை அடுத்த பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியதை நீ நேரிலேயே அனுபவித்தாய். ஊரில் மீதம் வைத்திருந்த சேமிப்பு, கணக்கில் ஒரு நைராவும் குறையாமல், மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நம் ஓகா அதைப் பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறார். மாணவர்களின் கதி இன்னும் மோசம்: வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், கட்டணத் தவணை தவறிய நைஜீரிய மாணவர்களைச் சேர்க்கையிலிருந்தே நீக்கி, நாட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னது 2024இல் பெரிய செய்தியாயிற்று.

பிள்ளைகளுக்கு நடு ஆண்டில் பள்ளி கேட்டதால், காலியிடம் இருந்த இரு வேறு பள்ளிகளில் ஊரின் இரு மூலைகளில் இடம் கிடைத்தது. ஒன்றும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு மணிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. மின்சாரம் பற்றி நீ கேட்பாய். அது போவதில்லை. முன்கட்டண மீட்டரில் பணம்தான் போகிறது, "அப் நெப்பா!" என்று மின்சாரம் திரும்பியதும் கத்தும் சந்தோஷம் மட்டும் இல்லை என்கிறார்கள் பிள்ளைகள்.

இனிமேல் சொல்லப் போவதுதான் கவனமாகக் கேட்க வேண்டியது. மேடத்தின் வேலை ஒரே கட்டடத்துக்குள் நடக்கும் வேலையன்று. காலையில் ஒரு மூதாட்டியை எழுப்பிக் குளிப்பாட்டி, அடுத்த தெருவில் இன்னொருவருக்கு மாத்திரை கொடுத்து, மூன்று மைல் தள்ளி மற்றொருவருக்கு உணவூட்டி என்று வீடு வீடாக ஓடும் வேலை. வாசலுக்குள் இருக்கும் நிமிடங்களுக்கு மட்டும் கூலி தந்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே காரில் கழியும் நேரத்துக்குக் கிடையாது. கார் இல்லாமல் அந்த வேலையே இல்லை. நைஜீரிய உரிமத்தோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள்வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு ஓட்ட முடியாது. தென்னாப்பிரிக்காவின் உரிமத்தைக் கொடுத்துப் பிரிட்டிஷ் உரிமத்தை வாங்கலாம், ஜிம்பாப்வேயுடையதையும் மாற்றலாம், நைஜீரியாவுடையதை மாற்ற முடியாது. இந்தியாவுடையதும் அப்படியே, நீ மீசையை முறுக்க வேண்டாம். எனவே லாகோஸின் ஓஷோடி நெரிசலில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டிய பெண், வண்டியின் முன்னும் பின்னும் ஓட்டக் கற்பவர் என்று காட்டும் எல் பலகையை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவரை உட்காரவைத்தால்தான் சாலைக்கு வரலாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்தேன். வட்டச் சந்திப்புகளில் அவர் ஓட்டும் விதத்தைப் பார்த்துக் கைப்பிடியைப் பிடித்தேன் என்பதும், அவர் அதைப் பார்த்துச் சிரித்தார் என்பதும் உண்மை. லாகோஸில் வழி என்பது கேட்டு வாங்குவது. இங்கே அது வரும்வரை நிற்பது.

எழுத்துத் தேர்வுக்கு 23 பவுண்டு. முதல் தடவையே தேறினார். வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 62 பவுண்டு. பணம் பெரிதன்று, தேதிதான் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்து மையங்களில் ஐந்தாறு மாதம் காத்திருக்க வேண்டும். முதல் முறை தோற்றார். அடிக்கடி கண்ணாடி பார்க்கவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். மீண்டும் வரிசையின் கடைசி. அதுவரை பேருந்தில் போனார், நேரம் தவறியது, நிறுவனம் அவருக்குத் தரும் வீடுகளைக் குறைத்தது, வீடுகள் குறைய, சம்பளம் குறைந்தது. விசாவுக்கென்று ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் வேறு, கைக்கு வந்தது வேறு. புகார் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'விசாவே அவர்கள் கையில் இருக்கிறது' என்றார் ஓகா.

சென்ற இலையுதிர் காலத்தில் அந்த நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமத்தை, அதாவது வெளிநாட்டினரை வேலைக்கு எடுக்கும் அனுமதியை, அரசு பறித்தது. பறித்தது நியாயமே; அதன் தண்டனை போய் விழுந்ததோ அங்கே வேலை பார்த்தவர்கள்மீது. புதிய ஸ்பான்சரைக் கண்டுபிடி, இல்லையேல் கிளம்பு என்று 60 நாள் தவணையோடு மேடத்துக்குக் கடிதம் வந்தது. அவருடைய விசாவைச் சார்ந்திருந்த ஓகாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதே தவணை. அன்று இரவு ஓகா என்னை அழைத்துப் பேசினார், முருகேசா. உனக்குத் தெரியும், அவர் குரல் தாழ்த்திப் பேசுபவர் அல்லர். அன்று பேசினார்.

பராமரிப்பு வேலை விளம்பரங்களைத் தேடித் தேடிப் படித்தோம். பெரும்பாலானவற்றில் 'முழு ஓட்டுநர் உரிமம் கட்டாயம்'. மறு தேர்வுக்குக் கிடைத்திருந்த தேதியோ நான்கு மாதம் தள்ளி இருந்தது. உரிமம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் விசா இல்லை. ஒரு குடும்பமே ஒரு பிளாஸ்டிக் அட்டையில் தொங்குவதை அந்த வாரங்களில்தான் பார்த்தேன். கடைசியில் லிங்கன்ஷயர் கடற்கரையில் ஒரு முதியோர் இல்லம் கிடைத்தது. ஒரே கட்டடம் என்பதால் கார் வேண்டியதில்லை. ஆனால் புதிய அனுமதி கைக்கு வரும்வரை அங்கே வேலையைத் தொடங்கக் கூடாது; அந்த இடைவெளியில் அரசு உதவித்தொகை எதையும் கேட்கும் உரிமையும் அவர்கள் விசாவில் இல்லை. சபை மக்கள் நடத்தும் அஜோவில் முறை மாற்றி, அந்த மாதத் தொகையை மேடத்துக்குக் கொடுத்தார்கள். ஏலமும் தள்ளுபடியும் இல்லாத நம் ஊர்ச் சீட்டுதான் அது. அடுப்பு எரிந்தது அதில்.

இப்போது அவர்கள் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மூன்றாவது பள்ளி. ஓகாவுக்குக் கிடங்கு வேலை போனது. பருவகாலத்தில் ஏதாவது கிடைக்கும் என்கிறார். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஐந்து ஆண்டை எண்ணிக்கொண்டிருந்தார் மேடம். அதைப் பத்தாக்கப் போவதாக அரசு 2025 மே மாதம் அறிவித்ததிலிருந்து எண்ணுவதை நிறுத்திவிட்டார். திரும்பிப் போகலாமே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். கார் விற்றாயிற்று, வேலைகளை விட்டாயிற்று, பெரியவள் இங்கே பத்தாம் ஆண்டில் இருக்கிறாள். எதற்குத் திரும்புவது என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2023இல் வழி முறைப்படி திறந்திருந்தது, குடும்பத்தையும் அழைத்து வர முடிந்தது. 2024 மார்ச் 11 முதல் புதிய பராமரிப்பாளர்களுக்கு அந்த அனுமதியும் நின்றது. தம்பி வர நினைப்பது அண்ணன் வந்த காலத்து நாட்டுக்கு அல்ல.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. முகவர் சொல்லும் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வாங்கு. ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசு இணையத்தில் வெளியிடுகிறது, நான் பார்த்துச் சொல்கிறேன். பெயர் அதில் இருந்தாலும் ஏமாறாதே. உண்மையான நிறுவனங்களின் பெயரில் போலிச் சான்று அச்சடிப்பவர்கள் உண்டு. ஏதாவது முன்பணம் கொடுத்திருந்தால் வங்கி ரசீதையும் முகவரின் குரல்பதிவுகளையும் அழிக்காமல் வைக்கச் சொல். நில விற்பனையை இரண்டு மாதம் தள்ளிப் போடவைத்தால் போதும். அவன் மின்பணி தெரிந்தவன். சூரிய ஒளித் தகடு பொருத்தும் வேலைக்கு உங்கள் தொழிற்சாலையில் ஆள் தேடுவதாகச் சொன்னாயே, அதைப் பற்றி அவனிடம் பேச முடியுமா என்று பார்.

கிடங்கு வேலையைப் பற்றியும் 60 நாள் கடிதத்தைப் பற்றியும் தம்பியிடம் நீ சொல்லலாம் என்று ஓகா அனுமதி தந்திருக்கிறார். தாயிடம் மட்டும் வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவன் சபையிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கே போய்ப் பார். தொலைபேசியில் பேசினால் வைத்துவிடுவான்.

அன்புடன்,
சேகரன்