ஆடி மாதத்தில் பள்ளிக்கு வரட்டும் நாதசுரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெற்று வரும் கலைத் திருவிழா, கிராமத்துப் பிள்ளைகள் பலரை மேடையேற்றியிருக்கிறது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே பாடிப் பரிசு பெறும் பிள்ளைக்கும்கூட, தேர்ந்த கலைஞர் ஒருவரின் இசையை அருகில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. கேள்வி ஞானம் இல்லாமல் பாட்டு வளராது என்று நம் பெரியவர்கள் சொன்னது, பாடப்போகிறவர்களுக்கு மட்டுமன்றிக் கேட்கப்போகிறவர்களுக்கும் பொருந்தும்.

நான் பணியாற்றிய பள்ளியில், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பக்கத்து ஊர் நாதசுரக் கலைஞரையும் தவில் கலைஞரையும் அழைத்திருந்தோம். மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர் தாழ்வாரத்தில் அவர்களைச் சுற்றி அமர்ந்தார்கள். நாதசுரக் கலைஞர் முதலில் மோகன ராகத்தைச் சற்று நேரம் வாசித்தார். பிறகு, இதில் உள்ள ஐந்து சுரங்களில் 'க' என்னும் காந்தாரத்தை மட்டும் சற்றே இறக்கப்போகிறேன், கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு வாசித்தபோது, அதுவே சிவரஞ்சனி என்னும் வேறொரு ராகமாகிவிட்டது. அதுவரை கால்களை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அசையாமல் இருந்தார்கள். ஒரு மாணவி எழுந்து, "இப்ப மட்டும் ஏன் ஐயா அழுகிற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். இருபத்தெட்டு ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். ஒரு பாடத்தின் உயிர்நிலையைத் தொட்ட இப்படியொரு கேள்வியை அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

அதன்பின் பிள்ளைகள் நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியான சீவாளியைத் தொட்டுப் பார்த்தார்கள். தவில் கலைஞர் வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளைக் கழற்றிக் காட்டினார். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை அனைவரும் கையில் போட, அவர் அதற்குள் தவில் அடிகளின் சொற்கட்டுகளை நிரப்பி, நிறைவாக வரும் கோர்வையைத் தாளத்தின் சரியான இடத்தில் கொண்டுவந்து முடித்தபோது எழுந்த ஆரவாரம் தலைமையாசிரியர் அறை வரை கேட்டது. கைப்பேசியிலும் இசை கிடைக்கிறதே என்பார்கள். மூச்சு வாங்குவதும், இரு கலைஞர்கள் கண்ணால் பேசிக்கொள்வதும், ஒலி நெஞ்சில் வந்து மோதுவதும் அதில் கிடைப்பதில்லை.

இது புதிய யோசனை அன்று. தில்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் 1977-இல் தொடங்கிய ஸ்பிக் மேகே அமைப்பு, பெரும் வித்வான்களைக் கல்வி நிறுவனங்களுக்கே அழைத்து வந்து, விளக்கத்துடன் கூடிய கச்சேரிகளை நடத்தி வருகிறது. நம் டெல்டா மாவட்டங்களிலோ கலைஞர்கள் வெகு தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை இங்கேதான் இருக்கிறது. கோயில் வாசிப்பை நம்பி வாழும் குடும்பங்களும் இங்கேயே இருக்கின்றன.

சென்னையில் இசை விழா நடைபெறும் டிசம்பர், பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வுக் காலம். ஆகவே ஆடி மாதமே ஏற்றது என்பது என் கருத்து. அப்போது திருமண முகூர்த்தங்கள் இல்லாததால் மேளக்காரர்களின் வருமானம் குறைகிறது; பள்ளிகளில் பாடங்களும் அதிகம் நெருக்குவதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கிப் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும். வரவேற்புரை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். வருகிற கலைஞர்களுக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடாமல், திருமண வாசிப்புக்கு அவர்கள் பெறும் தொகைக்குக் குறையாத சன்மானத்தை அன்றே கையில் கொடுக்கவும் அந்த ஆணையில் வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர்,
மயிலாடுதுறை மாவட்டம்.