கல் வாங்கும் முன் இரண்டு வாளி தண்ணீர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, மகள் வீடு மாறினாள், அவளுக்கு ஒத்தாசையாக அங்கே போனவள் பத்து நாள் தங்கிவிட்டேன். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அவர் பொழுது போவதற்காக மீன் தொட்டி வாங்கியிருக்கிறீர்கள் என்பது இன்னும் நல்ல செய்தி. எனக்கு இந்தப் பழக்கம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்றைக்கும் ராத்திரி விளக்கணைக்கும் முன் கால் மணி நேரமாவது தொட்டி முன்னால் உட்காராமல் படுக்கப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் பேர் போட்டு விற்கும் அலங்காரக் கற்கள் தொட்டியை விட அதிக விலை சொல்கிறார், கொல்லையில் கிடக்கும் கல்லையே போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். போடலாம். தாராளமாகப் போடலாம், ஆனால் எந்தக் கல் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். விலை கூடின கல் என்பதால் அது மீனுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. சேரியு என்று ஒரு கல் இருக்கிறது, சாம்பல் நிறம், வெள்ளைக் கீற்றுகள், பார்க்க மலையையே சின்னதாக்கி வைத்த மாதிரி இருக்கும். அந்தப் பேரில் விற்பதில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் கல் வகை, தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் தாது உப்பின் அளவை, ஏற்றிவிடும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கி, மென்மையான தண்ணீர் கேட்கும் நியான் டெட்ரா என்ற சின்ன மீனை விட்டிருக்கும் தொட்டியில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நானே பட்டது ஒன்று சொல்கிறேன். மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஒரு கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டு வாங்கி, வெள்ளை வெளேரென்று நாலு கல் கொண்டுவந்தேன். கரையாத வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) என்று நினைத்துவிட்டேன். கழுவி வைத்ததும் தொட்டியே பிரகாசமாகிவிட்டது. மீனும் முதலில் நன்றாகத்தான் இருந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்போது மாதத்துக்கு ஒரு தரம்தான் தண்ணீர் மாற்றுவேன், அதுவும் ரெண்டு குவளை எடுத்து ரெண்டு குவளை ஊற்றுவதுதான். மூன்று மாதம் போனது. டெட்ராக்களின் சிவப்பு மங்கி, எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று நானாக முடிவு செய்து ஒரே நாளில் பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றினேன். மறுநாள் காலையில் நான்கு மீன் அடியில் கிடந்தன. அப்புறம்தான் சோதனை மருந்து வாங்கி அளந்தேன். கே.எச். என்பது தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு. புதுத் தண்ணீரில் அது 3, முந்தின நாள் எடுத்து வாளியில் வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் 11. கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரை மாற்றியிருக்கிறது, மீனும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகியிருக்கிறது, நான் ஒரே மூச்சில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அந்த நான்கு மீனை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது, அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த வெள்ளைக் கல் சலவைக்கல், அதாவது மார்பிள். சலவைக்கல், சுண்ணாம்புக் கல், பவளம், சிப்பி, சங்கு எல்லாம் ஒரே குடும்பம்தான், எல்லாம் கால்சியம் கார்பனேட். மீன் விடும் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கலந்து லேசான அமிலமாகிறது, அது இந்தக் கல்லை அரித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் எவ்வளவு மென்மையோ, எவ்வளவு அமிலத்தன்மையோ அவ்வளவு வேகமாகக் கரையும். செடிக்காகத் தனியாக அந்த வாயுவை விடுகிறவர்கள் தொட்டியில் இன்னும் வேகம். இதில் கல்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பி, மோலி வளர்த்தால் கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி, டாங்கனிகா ஏரி சிக்லிட் மீன் வளர்க்கிறவர்கள் சுண்ணாம்புக் கல்லைத் தேடிப்போய் வாங்குவார்கள். நியான் டெட்ரா, டிஸ்கஸ் இதெல்லாம் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீருக்குப் பிறந்தவை, அவற்றுக்கு ஆகாது. அதனால் என்ன மீன் விடப்போகிறீர்கள் என்பதை முதலில் அண்ணனைக் கேட்டு முடிவு செய், கல்லை அதற்கப்புறம் தேடு.

இப்போது உன் கொல்லைக் கல். முதலில் ஒரு பழைய இரும்புக் கத்தியை எடுத்துக்கொள். கல்லின் மேல் அழுத்திக் கீறு. கீறின இடத்தில் கோடு தெரியும், அவசரப்பட்டு முடிவு செய்யாதே, விரலை நனைத்துத் தேய்த்துப் பார். வெங்கச்சங்கல்லாக இருந்தால் அந்தக் கோடு கத்தியிலிருந்து உதிர்ந்த இரும்பு, கல்லின் மேல் சாம்பலாக ஒட்டியிருக்கும், நகத்தால் தடவினால் பள்ளம் இருக்காது. சலவைக்கல்லாக இருந்தால் நிஜமாகவே பள்ளம் விழுந்து, வெள்ளை மாவு விரலில் ஒட்டும். கல்லின் கெட்டித்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வெங்கச்சங்கல் 7, சுண்ணாம்பு வகை 3, கத்தி இரண்டுக்கும் நடுவில். ஆனால் கத்தி கீறுகிறது என்பதற்காக மட்டும் கல்லைத் தூக்கி எறிந்துவிடாதே. ஸ்லேட் கல்லும் கீறும், அது தொட்டிக்கு மிக நல்ல கல்.

கீறின மாவை ஊதிவிடாமல் அதன் மேலேயே ரெண்டு சொட்டு வினிகர் விடு. காதைக் கிட்டே கொண்டுபோ. சுண்ணாம்பு இருந்தால் மெல்லிசாக ஸ்ஸ் என்று சத்தம் கேட்கும், பொடிப் பொடியாகக் குமிழ் வரும். அண்ணனிடம் பூதக்கண்ணாடி இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல். கல்லின் மேல்பரப்பில் அப்படியே விடக்கூடாது, மேலே பாசியும் அழுக்கும் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. வினிகர் பலமில்லாத அமிலம் என்பதையும் மறந்துவிடாதே. குமிழ் வந்தால் அந்தக் கல் சுண்ணாம்பு என்று நம்பலாம், வரவில்லை என்பதற்காக இல்லை என்று நம்ப முடியாது. டோலமைட் மாதிரி சில கற்கள் வினிகருக்கு அசையவே அசையாது, தொட்டியில் மாதக்கணக்கில் ஊறினால் கரையும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றிப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும், இப்போதுதான் கண் ஆபரேஷன் ஆனவர் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் எனக்கு நம்பிக்கையான வழி வாளிதான். சுத்தமான இரண்டு வாளி எடு, சோப்பு படாததாக. இரண்டிலும் ஒரே தண்ணீரை ஊற்று, மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கிடைத்தால் ரொம்ப நல்லது, மென்மையான தண்ணீரில் சின்ன மாற்றமும் பளிச்சென்று தெரியும். ஒன்றில் கல்லை நிறையப் போட்டு முங்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். வெறும் வாளி எதற்கு என்று கேட்பாய். குழாய்த் தண்ணீரை எடுத்து வைத்தாலே அதில் இருக்கும் வாயு வெளியேறி பி.எச்., அதாவது அமில-கார அளவு, மாறிவிடும், அந்த மாற்றத்தைக் கல்லின் தலையில் போட்டுவிடக்கூடாது. முதல் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் இரண்டையும் அளந்து எழுதிவை. பி.எச். மட்டும் பார்க்காதே, கே.எச்., ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) இரண்டையும் பார். கல் போட்ட வாளியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கல் டெட்ரா தொட்டிக்கு வேண்டாம். இரண்டு வாரம் காத்திருக்கப் பொறுமை வேண்டும்தான். தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து மீன் விடத் தயாராக எப்படியும் நான்கைந்து வாரம் ஆகும், அந்த நேரத்திலேயே இது நடந்துவிடும்.

காசில்லாமலோ கொஞ்சம் காசுக்கோ கிடைப்பதில் என் முதல் விருப்பம் கருங்கல். வீடு கட்டும் இடத்தில் உடைந்து கிடக்கும் துண்டுகள் போதும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சிமென்ட் ஒட்டிய துண்டை மட்டும் எடுக்காதே, அதுவும் பி.எச்.சை ஏற்றும். கருங்கல்லில் மினுமினுக்கும் காக்காப்பொன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கரையாது. எரிமலைக்கல் தோட்ட அலங்காரத்துக்கு மூட்டையாக விற்கும், கனம் குறைவு, துளைகளில் பாக்டீரியா நன்றாகக் குடியேறும், ஆனால் சொரசொரப்பு. அண்ணன் நீளத் துடுப்புள்ள ஃபைட்டரோ கோல்டு ஃபிஷ்ஷோ விட ஆசைப்பட்டால் அது வேண்டாம், உரசி உரசித் துடுப்பு கிழியும். கூழாங்கல் கலவையாக வரும், அதில் சிலது சுண்ணாம்பாக இருக்கலாம், ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மணற்கல்லும் அப்படித்தான், மணலைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சத்து எது என்பதைப் பொறுத்தது.

பச்சையாகவோ நீலமாகவோ கறை படிந்த கல், உலோகம் மாதிரி தங்க நிறத்திலோ ஈய நிறத்திலோ பளபளக்கும் கல், அளவுக்கு மீறிக் கனக்கும் கல் எதையும் தொடாதே. பச்சை, நீலக் கறை செம்பாக இருக்கலாம், அது கொஞ்சம் கரைந்தாலும் இறாலும் நத்தையும் செத்துப்போகும், ஈயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருந்து அடிக்கும் வயலோரக் கல்லும் வண்டி எண்ணெய் பட்ட கல்லும் கழுவினாலும் போகாது. சாயம் பூசின கல்லை எனக்குப் பிடிப்பதே இல்லை, நாளாக ஆக உரிந்து வரும்.

கழுவ பிரஷ்ஷும் வெந்நீரும் போதும், சோப்பு கூடாது. கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதே, ஓவனில் வைக்காதே. உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறும். பக்கெட்டில் போட்டு மேலே வெந்நீர் ஊற்றி, ஆறினதும் தேய்த்து, நாலு நாள் வெயிலில் காயவிடு. கடல் தொட்டியில் இருந்த பழைய கல்லை யாராவது சும்மா கொடுத்தால் கண்டிப்பாக வாங்காதே. அதில் ஒட்டியிருக்கும் ஜோவாந்திட் என்ற உயிரில் கொடிய விஷம் இருக்கலாம், வெந்நீர் பட்டால் ஆவியோடு சேர்ந்து மூச்சில் போய் மனிதரையே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்.

அடுக்கும்போது பெரிய கல்லை மணல் மேல் வைக்காதே, முதலில் கண்ணாடி அடியில் மெல்லிய ஃபோம் விரித்து அதன் மேல் கல்லை நிறுத்தி, அப்புறம் சுற்றிலும் மணலைப் போடு. மீன் தோண்டினால் மணல் சரியும், கல் சாயும், கண்ணாடி உடையும். கையால் ஆட்டிப் பார், ஆடினால் அக்வேரியம் சிலிக்கானால் ஒட்டிவிடு, பூஞ்சை மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் ஆகாது. பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி வைக்காமல் விரல் நுழைகிற இடம் விட்டால் குப்பை தங்காமல் ஃபில்டருக்குப் போகும். இன்னொன்று, பன்னிரண்டு கிலோ கருங்கல் கிட்டத்தட்ட நாலரை லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்கு மருந்து ஊற்றும் நாளில் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு.

அடுத்த மாதம் இருபது தேதி வாக்கில் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். என்னிடம் இருக்கும் சோதனை மருந்துப் பெட்டியைக் கொண்டுவருகிறேன், நீ புதிதாக வாங்க வேண்டாம். நடுவில் அளக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு இரண்டு வாரம் முன்பே இரண்டு வாளியையும் தயார் செய்து கல்லைப் போட்டுவிடு, போட்ட அன்றைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சின்ன பாட்டில் எடுத்து மூடி வைத்துக்கொள், வந்ததும் இரண்டு வாளியையும் பாட்டிலையும் சேர்த்து அளந்துவிடலாம். கொல்லையில் அந்தக் கிணற்றடிப் பக்கம் கறுப்பாகத் தட்டையாக ஒரு கல் கிடக்குமே, நாம் உட்கார்ந்து பேசுவோமே, அதன் பக்கத்தில் உடைந்த துண்டு ஏதாவது கிடந்தால் அதையும் வாளியில் சேர்த்துப் போடு.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் சாந்தி