பாப்பாவுக்கு, வண்டி வாங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று வண்டிகளின் படமும் வந்தது, விற்பனை வேலைக்கு ஓட்டும் சொந்த வண்டிக்குப் பணம் தருவது பற்றிக் கம்பெனி கொடுத்த நாலு பக்க விதிமுறைத் தாளும் வந்தது. படங்களை அப்பா பார்த்தார், தாளை நான் படித்தேன். சிவப்பு வண்டிதான் வாங்க வேண்டும் என்கிறார் அவர். அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் 26 வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து விற்பனைப் பிரதிநிதிகளின் பயண க்ளெய்ம்களைப் பாஸ் பண்ணியவள் நான். அந்தப் பணத்தில் யார் மிச்சம் பிடித்தார்கள், யார் கைக்காசைப் போட்டுக் கம்பெனிக்கு வண்டி ஓட்டினார்கள் என்பதெல்லாம் தாளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

உன் கம்பெனி தருவது இரண்டு தொகை. மாதாமாதம் மாறாமல் வருவது ஒன்று. வேலைக்காக ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வருவது இன்னொன்று. முதல் தொகை, வண்டி வாசலில் சும்மா நின்றாலும் ஆகிற செலவுக்கு: தேய்மானம் (வருஷம் ஆக ஆக வண்டியின் மதிப்பு குறைவது), இன்ஷூரன்ஸ், வரி. இரண்டாவது, ஓடினால் ஆகிற செலவுக்கு: பெட்ரோல், டயர், ஆயில், சர்வீஸ். இரண்டையும் அவர்கள் மனதில் ஒரு நடுத்தர வண்டியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, திரும்பப் பார். நீ அதைவிடப் பெரிய வண்டி வாங்கினால் சல்லிக்காசுகூட அதிகம் வராது. அதைவிடச் சின்னதாக வாங்கினாலும் குறையாது. அவர்கள் நினைத்த வண்டிக்கும் நீ வாங்குகிற வண்டிக்கும் செலவில் என்ன வித்தியாசமோ, அது உனக்கு லாபம் அல்லது உனக்கு நஷ்டம். கம்பெனிக்கு அதில் சம்பந்தமே இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், நன்றாக விற்பவரும்கூட. வேலை உறுதியான மாதமே பெரிய வண்டியாக எடுத்துவிட்டார். மாதத் தவணை மட்டுமே அந்த நிலையான தொகைக்குச் சரியாக இருந்தது. "தவணையைக் கம்பெனி கட்டுது மேடம்" என்று சிரிப்பார். இன்ஷூரன்ஸை யார் கட்டுவார் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்கலாம். இரண்டாம் வருஷம் அவருடைய ஏரியாவைப் பிரித்துப் பாதியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஓட்டம் பாதியானது, கிலோமீட்டர் பணமும் பாதியானது. தவணை அப்படியே இருந்தது. அப்புறம் வேறு வேலை கிடைத்துப் போனார். அங்கே கம்பெனியே வண்டி கொடுத்தார்கள். இந்தப் பெரிய வண்டி மூன்று வருஷக் கடனோடு வீட்டு வாசலில் நின்றது. அவருடைய கடைசி க்ளெய்மை நான்தான் பாஸ் பண்ணினேன். அதோடு பின் போட்டு ஒரு துண்டுச் சீட்டு: ஒரு மாதத் தொகையை முன்கூட்டித் தர முடியுமா என்று. முடியாது. அந்தக் கையெழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால், தவணையையும் நிலையான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சந்தோஷப்படாதே. அந்தத் தொகையிலிருந்து இன்ஷூரன்ஸையும் வரியையும் கழித்துவிட்டு, மிச்சத்தில் தவணை அடங்குகிறதா என்று பார். அடங்கவில்லையென்றால் அது உன் சக்திக்கு மீறிய வண்டி, ஷோரூம்காரர் என்ன சொன்னாலும் சரி.

ஒரு நாளைக்கு 160 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிவரும் என்றாய். வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றாலும் 40,000 ஆகிறது. சாதாரணமாக ஒரு குடும்பம் மூன்று வருஷம் ஓட்டுவதை நீ ஒரே வருஷத்தில் ஓட்டிவிடுவாய். இதை மறந்துவிட்டுத்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று போட்டிருந்தால், உனக்கு அது இரண்டரை வருஷ வாரண்டி. ஏழு வருஷக் கடனில் தவணை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். ஏழு வருஷத்தில் உன் வண்டி 2 லட்சத்து 80 ஆயிரம் ஓடியிருக்கும். கடன் முடிவதற்குள் வண்டி முடிந்துவிடும். நாலு வருஷத்துக்குள் அடைக்கிற மாதிரிதான் கடன் வாங்கலாம். அதற்குத் தவணை கட்டுப்படியாகவில்லையென்றால் வண்டியின் விலையைத்தான் குறைக்க வேண்டும், வருஷத்தை நீட்டக்கூடாது.

பெட்ரோல் மட்டும் பெரிய செலவு இல்லை, தேய்மானமும்தான். அது பில்லாக வராது, அதனால் யாரும் எழுதி வைப்பதில்லை. விற்கும்போதுதான் முகத்தில் அடிக்கும். புது வண்டியின் மதிப்பு முதல் ஒன்றிரண்டு வருஷத்தில்தான் வேகமாக விழும். அந்த விழுகையை இன்னொருவர் தாங்கிக்கொண்ட இரண்டு வயது வண்டியை வாங்கினால் என்ன என்று நீ கேட்பாய். நல்ல யோசனைதான், ஆனால் தாளில் வண்டிக்கு வயது வரம்பு இருக்கிறது: ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் நிலையான தொகை குறையும் என்று. இரண்டு வயது வண்டி என்றால் உனக்கு மூன்று வருஷம்தான். அதற்குள் போட்ட பணம் வருமா என்று கணக்குப் போட்டு முடிவு செய். அப்பாவுக்குப் பழைய வண்டி என்றாலே பிடிக்காது, அதை விடு.

மைலேஜ் விஷயத்தில் எல்லாரும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. லிட்டருக்கு 20 தரும் வண்டிக்கும் 25 தரும் வண்டிக்கும் ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம். 8 தருவதற்கும் 10 தருவதற்கும் இரண்டே கிலோமீட்டர்தான். ஆனால் 40,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார். முதல் ஜோடியில் 2,000 லிட்டர் 1,600 ஆகிறது, மிச்சம் 400. இரண்டாவதில் 5,000 லிட்டர் 4,000 ஆகிறது, மிச்சம் 1,000. ஆக, ஏற்கெனவே சிக்கனமான இரண்டு சின்ன வண்டிகளுக்கு நடுவில் மைலேஜுக்காக நிறைய விலை கூட்டிக் கொடுக்காதே. உன் வெள்ளை வண்டிக்கும் சாம்பல் வண்டிக்கும் இதுதான் நிலை. சிவப்பு வண்டி லிட்டருக்கு 10 என்றால், 20 தருகிற வண்டியைவிட வருஷத்துக்கு 2,000 லிட்டர் அதிகம் குடிக்கும். கிலோமீட்டர் பணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பற்றிக் கேட்டாய். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைப்பதுதான் அதன் சூட்சுமம். ஆகவே நின்று நின்று போகிற நகரத்தில் நன்றாகப் பலன் தரும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் அவ்வளவு தராது. உன் ஓட்டத்தில் எது அதிகம் என்று உனக்குத்தான் தெரியும். இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது நீளமாக ஓட்டிச் சூடேற்றினால்தான் அது சுத்தமாகும். நாள் முழுக்கப் பத்து நிமிஷ ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். மின்சார வண்டியை வீட்டிலேயே சார்ஜ் போட முடிந்தால் கிலோமீட்டர் பணத்தில் நல்ல மிச்சம் பிடிக்கலாம். ஆனால் மின்சார வண்டிக்குக் கிலோமீட்டர் விகிதம் வேறா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அதைப் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை.

டயர் அளவையும் பார். வருஷத்துக்கு ஒரு செட் மாற்ற வேண்டியிருக்கும். அழகுக்காகப் போட்ட 18 இன்ச் சக்கரத்துக்கும் 15 இன்ச் சக்கரத்துக்கும் டயர் விலையில் இருக்கிற வித்தியாசத்தை விசாரித்துக்கொள். அப்புறம் ஸ்டெப்னி. புது வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பசை நிரப்பும் ஒரு கிட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆணி குத்தினால் அது சமாளிக்கும், டயரின் பக்கவாட்டு கிழிந்தால் ஒன்றும் செய்யாது. ஒரு நாளைக்கு எட்டு வாடிக்கையாளரைப் பார்க்கிறவளுக்கு இது சின்ன விஷயமில்லை. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுக்காதே.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வேலைக்காக ஓட்டுகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடு. சொந்த உபயோகம் என்று போட்டால் பிரீமியம் குறையும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். விபத்து நடந்த நேரத்தில் வண்டியில் சாம்பிள் பெட்டி இருந்தால், சில பாலிசிகளில் பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

அடுத்தது ஓட்டத்தைக் குறித்துவைக்கும் லாக் புக், இது என் சொந்த ராஜ்ஜியம். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாத் தூரமும் 50, 80, 100 என்று முழு எண்ணாக இருக்கும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரும். ஒருவருக்கு ஓடோமீட்டர் பின்னால் போயிருந்தது, போன மாத முடிவைவிட இந்த மாத ஆரம்பம் 300 குறைவு! அவர் திருடர் இல்லை, சோம்பேறி. ஆனால் தணிக்கைக்காரர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அன்றன்றைக்குத் தேதி, போன இடம், எதற்காக, ஆரம்ப எண், முடிவு எண் இவ்வளவும் எழுது. போனில் எழுதினாலும் சரி. பல நாடுகளில் இந்தக் கணக்கு இல்லாமல் வாங்குகிற வண்டிப் பணத்தைச் சம்பளமாகவே நினைத்து வரி போட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போவது பெரும்பாலும் வேலை ஓட்டத்தில் சேராது. உன் கம்பெனியில் எப்படி என்று கேட்டுக்கொள்.

வாடிக்கையாளர் முன்னால் வண்டி எடுப்பாக இருக்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு முழுக்கச் சம்மதமில்லை. சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிகவும் ஆடம்பரமாக வந்து இறங்கினால், நாம் கொடுக்கிற விலையில்தானே இது ஓடுகிறது என்று அவர் நினைப்பார். உன் முதுகுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கப் போகிறாய். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலும், குஷன் குட்டையாக இருந்தால் தொடையும் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடும். பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில் இதெல்லாம் தெரியாது. ஒரு மணி நேரம் கேள், தரவில்லையென்றால் வேறு ஷோரூமுக்குப் போ.

சனிக்கிழமை போகும்போது உன் சாம்பிள் பெட்டிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. டிக்கியில் நீயே தூக்கி வை, நீயே இறக்கு. டிக்கியின் விளிம்பு உயரமாக இருந்தால் இடுப்பில் இடிக்கும். விற்பனையாளர் ஓடி வந்து உதவுவார், விடாதே. அப்புறம் மூன்று வண்டிக்கும் இன்ஷூரன்ஸ், டயர், தவணை மூன்றையும் எழுதி எனக்கு அனுப்பு. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அம்மா

பி.கு.: வண்டி எடுத்த அன்றைக்கே ஓடோமீட்டரைப் படம் எடுத்து வை. அப்பா கேட்கிறார், சிவப்பில் சின்ன வண்டி வராதா என்று.