பிலிகுண்டுலு கணக்கும் மேட்டூர் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரியில் தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 20,000 கன அடி, மேட்டூருக்கு நீர்வரத்து 17,500 கன அடி என்று ஒரே நாளில் செய்தி வந்தால், ‘நடுவில் 2,500 எங்கே போயிற்று?’ என்று கேட்காத வாசகர் இல்லை. பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. இரண்டு எண்களும் பிறக்கும் விதமே வேறு.

பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளப்பது ஓடும் ஆற்றை. குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்து, கரன்ட் மீட்டரை (நீரோட்ட வேகம் காட்டும் கருவி) இறக்கி வேகம் எடுப்பதுதான் வழக்கமான முறை. ஆழம் குறைவென்றால் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஒரே அளவு போதும். கூடுதலென்றால் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என இரண்டு இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். துண்டு துண்டாக அகலம், ஆழம், வேகத்தைப் பெருக்கிக் கூட்டினால் கன அடி வரும். இதை மணிக்கு மணி செய்ய முடியாது. மற்ற நேரங்களில் அளவுகோலில் மட்டம் பார்த்து, எந்த மட்டத்துக்கு எத்தனை கன அடி என்று முன்பே வரைந்து வைத்த வளைகோட்டிலிருந்து கன அடியை எடுப்பார்கள்.

வெள்ளத்தில்தான் வம்பு. மீட்டரோடு தொங்கும் எடையை நீர் இழுத்துச் சாய்க்கும். சாய்ந்த கம்பியின் நீளத்தை அப்படியே ஆழமாக எழுதினால் கணக்கு வீங்கிவிடும். மீட்டருக்குப் பதில் மிதவை விட்டால் கிடைப்பது மேற்பரப்பு வேகம்; அதை 0.85 அளவில் பெருக்கிக் குறைக்க வேண்டும். மேட்டூருக்குக் கீழே முசிறி போன்ற மணல் படுகையில் மணல் அரித்துப் போனால், அதே நீர் தாழ்ந்த மட்டத்தில் ஓடும். பழைய வளைகோடு குறைத்துக் காட்டும்.

மேட்டூரில் வரத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. 24 மணி நேரத்தில் இருப்பு எவ்வளவு மாறியது, எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று கூட்டிக் கழித்து எடுப்பது அது. அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். அப்போது ஒரு அடி உயரம் ஏறத்தாழ 1.65 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). காற்று தண்ணீரை ஒரு பக்கம் தள்ளி, மட்டம் பார்ப்பதில் பத்தில் ஒரு அடி பிசகினால் போதும், அன்றைய வரத்தில் சுமார் 1,900 கன அடி கூடும் அல்லது குறையும். மறுநாள் காற்று அடங்கியதும் அதே அளவு எதிர்ப்பக்கம் தவறும். மட்டம் இறங்கினால் பரப்பு சுருங்கும், பிசகும் சுருங்கும்.

போதாக்குறைக்கு பிலிகுண்டுலு எண் அந்த நேரத்து ஓட்டம், மேட்டூர் எண் ஒரு நாள் சராசரி. நடுவில் சின்னாறும் தொப்பையாறும் வேறு சேருகின்றன.

எனவே எண்ணோடு, எத்தனை மணி நிலவரம், அந்நேர ஓட்டமா நாள் சராசரியா என்பதையும் அச்சிடுங்கள். ‘வினாடிக்கு’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் 1 டிஎம்சி.

இப்படிக்கு,
நீரளவைப் பொறியாளர் ஒருவர்,
சேலம்.