உன் மகள் தாராளமாகச் சேரட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா உடம்பு தேறி எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

மகள் தொழிலகப் பாதுகாப்பும் உடல்நலமும் படிக்க ஆசைப்படுகிறாள், ஹெல்மெட் போடச் சொல்வதற்கு ஒரு பட்டமா என்று கேட்டிருந்தாய். இந்த வயதில் மறுபடி பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து அதையே படித்துக்கொண்டிருப்பவன் சொல்கிறேன், தாராளமாகச் சேரட்டும்.

எங்கள் பாடத்தில் ஹெல்மெட்டுக்குக் கடைசி இடம்தான். ஆபத்தை வேலையிலிருந்தே நீக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால், ஆபத்து குறைந்த பொருளுக்கு மாறலாமா? அதுவும் ஆகாதென்றால் இயந்திரத்துக்குத் தடுப்பு, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு. அப்புறம் பயிற்சியும் வேலைமுறை மாற்றமும். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுகிற ஆபத்துக்குத்தான் ஹெல்மெட், கையுறை, முகமூடி. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முகமூடியைக் கையில் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

என்னை உலுக்கிய பாடம் தொட்டி, சாக்கடைக் குழி போன்ற மூடிய இடங்களைப் பற்றியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல நாறும். காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நம்பி ஒருவர் இறங்குவார். அவர் விழுந்ததும் தூக்கிவிட இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். இப்படிக் காப்பாற்றப் போனவர்களே அடுத்தடுத்து இறந்த சம்பவங்கள் நிறைய. காற்றைக் கருவியால் அளந்த பிறகே இறங்குவது, மேலே ஓர் ஆள் நிற்பது, உள்ளே போகாமலே கயிற்றால் இழுத்து மேலேற்ற ஏற்பாடு செய்வது. இவை இருந்தால் அந்த உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

விபத்து நடந்ததும் 'யார் கவனக்குறைவு?' என்றுதான் நாமெல்லாம் கேட்போம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவுப் பணிக்கு வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பம்பை இயக்கினார்கள், வால்வு இருந்த இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. இயக்கியவரைக் குறை சொல்வது சுலபம். தகவல் எந்த இடத்தில் நின்றுபோனது, ஏன் என்று தேடுவதுதான் எங்கள் படிப்பு.

நோய்ப் பக்கமும் உண்டு. நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே எழுதிவைத்தார். கல் தூசியால் நுரையீரல் கெடுவதும் இரைச்சலில் காது மந்தமாவதும் ஒரே நாளில் தெரிவதில்லை, அதனால் யாரும் அவற்றை விபத்தாக எண்ணுவதில்லை.

மகளிடம் ஒன்று சொல். சேருமுன், இரைச்சலையும் தூசியையும் அளக்கும் கருவிகளை மாணவர் கையில் கொடுக்கிறார்களா, தொழிற்கூடங்களுக்குள் அழைத்துப் போகிறார்களா என்று விசாரிக்கட்டும். வேதியியலும் புள்ளியியலும் நிறைய வரும். புள்ளியியலை இப்போதே கொஞ்சம் பார்த்து வைத்தால் நல்லது. என் முதல் பருவக் குறிப்பேடுகளை அனுப்புகிறேன். சந்தேகம் இருந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்