ஓநாய் திரும்பி வந்த ஊரிலிருந்து

ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ்,
கொலராடோ

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கன்று ஈனும் பருவம், கையில் உறை மாட்டினால் கழற்ற நேரமில்லை. உன் மகளுக்குக் கோவையில் இடம் கிடைத்தது கேட்டு அவ்வளவு சந்தோஷம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் நாம் கிடந்த காலம் ஞாபகம் வந்துவிட்டது.

நீ கேட்டிருந்தாய், "காட்டில் ஓநாயைக் கொண்டுவந்து விடுகிறார்களாமே, மாட்டுக்காரர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?" என்று. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, குமரேசா. 1940-களிலேயே கொலராடோவில் ஓநாயைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று 2020 நவம்பரில் மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு வைத்தார்கள். 51-க்கு 49 என்று மயிரிழையில் ஜெயித்தது. ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தது பெரும்பாலும் டென்வர், போல்டர் பக்கத்து நகரத்து மக்கள். ஓநாய் வந்து இறங்கியதோ மலைக்கு மேற்கே, இங்கே. 2023 டிசம்பர் 18 அன்று ஒரெகானிலிருந்து கொண்டுவந்த ஐந்தைக் கிராண்ட் கவுண்டியில் திறந்துவிட்டார்கள். ஆளுநரே வந்து நின்றார்.

நான் அடிக்கடி போகும் நார்த் பார்க் பள்ளத்தாக்கில் கதை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. வயோமிங்கிலிருந்து தானாக எல்லை தாண்டி வந்த ஜோடி ஒன்று 2021-ல் ஆறு குட்டி போட்டது. அந்த டிசம்பரில் ஒரு மாடு போயிற்று. அடுத்த மாதம் ஒரு மேய்ப்பு நாய்.

போன மாதம் அங்கே ஒரு பெரியவர் கூப்பிட்டார். இரண்டு வயதுக் கிடாரி, பின்தொடையில் சதை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் முயன்றேன். காப்பாற்ற முடியவில்லை, ஊசி போட்டு வலியில்லாமல் சாகவிட்டேன். கொஞ்ச தூரத்தில் பனியில் ஒரு கன்று செத்துக் கிடந்தது. வனவிலங்கு அலுவலர் வந்து என் கண்முன்னே தோலை உரித்தார். தோலுக்கு அடியில் கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. கட்டாவிட்டால் குளிரில் செத்ததைப் பிறகு வந்து தின்றிருக்கிறது. நமக்கு அது பாடம். அந்தப் பெரியவருக்கு அவர் சொன்னதை ஊர் நம்புமா, நம்பாதா என்பதே அந்தத் தோலுக்கு அடியில்தான் இருந்தது. ரத்தம் கட்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இங்கே நஷ்டஈடு குறைவில்லை. ஓநாய் கொன்றது உறுதியானால் ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை உண்டு. ஆனால் பெரிய மேய்ச்சல் நிலத்தில் பல மாடுகளின் உடலே கிடைக்காது. கிடைப்பதற்குள் கழுகும், நரி போன்ற கொயோட்டியும் முடித்துவிடும். மிரண்ட மந்தை சரியாக மேயாது, எடை ஏறாது, சினை பிடிப்பதும் குறையும். அதைவிட, ராத்திரித் தூக்கத்துக்கு எந்தப் படிவத்தில் பணம் கேட்பது என்று அந்தப் பெரியவர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை அவர்கள். நம் ஊரில் காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவோமே, அதே போலக் கயிற்றில் சிவப்புத் துணிப்பட்டைகளைத் தொங்கவிட்டு வேலி கட்டுகிறார்கள். ஃப்ளாட்ரி என்று பெயர். ஒன்றிரண்டு மாதம் ஓநாய் தயங்கும், அப்புறம் பழகிவிடும். நெவாடாவிலிருந்து காட்டுக் கழுதைகளைக் கொண்டுவந்து மந்தையோடு விட்டார் ஒருவர். செத்த மாட்டை மூலையில் போட்டுவைக்கும் பழக்கத்தை விட்டுக் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். குதிரையில் போய் இரவும் பகலும் மந்தையோடு இருக்கும் காவல்தான் எல்லாவற்றிலும் நன்றாகப் பலிக்கிறது என்பது நான் பார்த்தது. அதற்கு ஆள் வேண்டும். ஆள்தான் இல்லை.

வேட்டைக்காரர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். எல்க் மான் வெளியைவிட்டு அடர்ந்த மரங்களுக்குள் போய்விடும் என்று சிலருக்குக் கவலை. மான்களிடம் மூளையைத் தாக்கி உடம்பை உருக்கிக் கொல்லும் நலிவு நோய் இருக்கிறதே, நோஞ்சானை ஓநாய் முதலில் பிடித்தால் நல்லதுதானே என்கிறார் இன்னொருவர். அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் எனக்கும் அந்த ஆசை உண்டு.

தொந்தரவு செய்த கூட்டத்தை இடம் மாற்றியும் பார்த்தார்கள். 2024-ல் காப்பர் க்ரீக் கூட்டத்தைப் பிடித்தார்கள். ஆண் ஓநாய் பிடித்த சில நாளில் செத்தது, உடம்பில் பழைய குண்டுக் காயம். தாயையும் குட்டிகளையும் 2025 ஜனவரியில் வேறு இடத்தில் விட, அந்த வருடமே அங்கும் கன்றுகள் போயின.

ஓநாய் இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், குமரேசா. ஒரு விடியற்காலையில் அதன் ஊளையைக் கேட்டேன், உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் ஆசைப்பட்டவர் ஒருவர், இரவில் விழித்திருப்பவர் வேறொருவர் என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2023-ல் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம், புலி அடித்ததால் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலி செத்ததே, அப்போது அந்த மாட்டுக்காரன்மேல் உனக்கும் எனக்கும் அப்படி ஒரு கோபம். இப்போதும் அது குற்றம்தான். இருந்தாலும் அவன் மாடு போன அன்றைக்கே யாராவது அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். கூடலூரில் புலி ஒரு பசுவை அடித்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார்கள், பணம் கைக்கு எப்போது சேருகிறது, நீ சான்றிதழில் என்னென்ன எழுதுகிறாய் என்று விவரமாக எழுது. இங்கே இவர்களிடம் சொல்ல வேண்டும்.

சரி, நிறுத்துகிறேன். பெரியவர் தனியாக இருக்கிறார், இன்று ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை மந்தைக்குக் காவல் என் முறை. பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அன்புடன்,
செல்வம்